ஊசி முதலிலா, வைக்கோற்போர் முதலிலா?

பிஎச்பி என்ற நிரல்மொழியில் பத்து வருடம் பழகியவரும் ஓர் இடத்தில் கையை நிறுத்தி யோசிப்பார். ஒரு வாக்கியத்துக்குள் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்க அந்த மொழியில் ஸ்டர்பாஸ் என்றொரு ஃபங்க்ஷன் உண்டு. அதற்கு எங்கே தேடுவது என்பதை முதலில் சொல்ல வேண்டும், எதைத் தேடுவது என்பதை அடுத்து. ஒரு பட்டியலுக்குள் ஒரு மதிப்பு இருக்கிறதா என்று பார்க்க இன்_அரே. இங்கே எல்லாம் தலைகீழ்: எதை என்பது முன்னால், எங்கே என்பது பின்னால். தேடும் பொருளுக்கு ஊசி என்றும் தேடும் இடத்துக்கு வைக்கோற்போர் என்றும் பிஎச்பி கையேடு பெயர் கொடுத்திருக்கிறது. ஊசி முதலிலா, போர் முதலிலா என்று பார்க்கத்தான் அந்தக் கையேட்டைப் பலர் தினமும் திறக்கிறார்கள்.

பெயர்களிலும் இதே கதை. ஸ்டர்லென் ஒட்டி எழுதப்படும். ஸ்டர்_ரிப்ளேஸ் நடுவில் அண்டர்ஸ்கோர் போட்டு எழுதப்படும். ஒரு பொருளின் வகையைக் கேட்க கெட்டைப், அதன் கிளாஸைக் கேட்க கெட்_கிளாஸ். எச்டிஎம்எல் குறிகளை மாற்றி எழுத எச்டிஎம்எல்என்டிடீஸ். அதையே திருப்பி அவிழ்க்க எச்டிஎம்எல்_என்டிடி_டீகோட். ஒரே வேலையின் போக்கும் வரவும் இவை. ஆனால் பெயரைப் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்ல முடியாது.

இதை வைத்து பிஎச்பியைக் கேலி செய்வது நிரலாளர்களிடையே நெடுநாள் பொழுதுபோக்கு. கேலிக்கு இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு பெயரும் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், அலட்சியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியவில்லை.

கிரீன்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப், தன் இணையப் பக்கத்தில் இருந்த சுயவிவரத்தை யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க 1994-ல் சி மொழியில் சில சின்னச் சின்னக் கருவிகளை எழுதினார். 1995 ஜூனில் அவற்றைப் பொதுவில் விட்டார்; பிஎச்பியின் தொடக்கம் அதுதான். தான் ஒரு மொழியை உருவாக்குவதாக அவர் நினைக்கவே இல்லை. சி மொழியில் ஏற்கனவே இருந்ததை அப்படியே தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார். ஸ்டர்லென், ஸ்டர்ஸ்டர், ஸ்டர்கேம்ப் எல்லாம் சி மொழியின் பெயர்கள். சி மொழியின் ஸ்டர்ஸ்டரில் போர் முதலில், ஊசி பிறகு; அந்த வரிசையும் கூடவே வந்துவிட்டது. பின்னாளில் வந்த மைஎஸ்கியூஎல்_ரியல்_எஸ்கேப்_ஸ்டிரிங் என்ற நீண்ட பெயரும் மைஎஸ்கியூஎல் நிறுவனத்தார் சி மொழிக்குக் கொடுத்த பெயர்தான். அதாவது பிஎச்பிக்குள் ஒழுங்கு இல்லாமல் இல்லை. பல வீட்டு ஒழுங்குகள் ஒரே கூரையின் கீழ் குடியேறியிருக்கின்றன.

இன்னொரு காரணத்தை லெர்டார்ஃபே 2013-ல் வெளியே சொன்னார். ஆரம்ப நாட்களில் மொத்தமே நூறுக்கும் குறைவான ஃபங்க்ஷன்கள். ஒரு பெயரைச் சட்டென்று கண்டுபிடிக்க அவற்றை அறைகளாகப் பிரித்து வைக்க வேண்டும். எந்தப் பெயர் எந்த அறைக்கு என்று தீர்மானிக்க அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல், பெயரில் எத்தனை எழுத்து என்பது மட்டும். ஐந்து எழுத்துப் பெயர்கள் ஓர் அறை, ஆறு எழுத்துப் பெயர்கள் இன்னோர் அறை. எல்லாரும் ஒரே அறையில் நெருக்கியடித்தால் தேடல் மெதுவாகும். அதனால் வெவ்வேறு நீளத்தில் பெயர்கள் தேவைப்பட்டன. ஆங்கிலத்தில் 16 எழுத்து நீளும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் இன்றும் கோடிக்கணக்கான பக்கங்களுக்குப் பின்னால் ஓடுகிறது. அறைகளைப் பிரிக்கும் அந்த முறை எப்போதோ போய்விட்டது. அதற்காகப் பிறந்த பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

சில முரண்களுக்கு உள்ளூர்க் காரணமும் உண்டு. ஒரு பட்டியலின் ஒவ்வொரு உறுப்பையும் மாற்றித் தரும் அரே_மேப், செய்ய வேண்டிய வேலையை முதலில் கேட்கிறது, பட்டியலைப் பிறகு. அரே_ஃபில்டர் பட்டியலை முதலில் கேட்கிறது. ஏன்? அரே_மேப்புக்கு எத்தனை பட்டியல் வேண்டுமானாலும் கொடுக்கலாம், ஆகவே எண்ணிக்கை தெரியாதவை கடைசியில் நிற்கின்றன. அரே_ஃபில்டருக்கு வேலையைச் சொல்லாமலே விடலாம், ஆகவே விட்டுவிடக்கூடியது கடைசியில் நிற்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டு முடிவும் சரி. சேர்த்து வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் தலைவலி.

இதில் எது உண்மையில் வலிக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. அண்டர்ஸ்கோர் இருக்கிறதா இல்லையா என்பது வலியே அல்ல. தவறாக எழுதினால் அப்படி ஒரு ஃபங்க்ஷன் இல்லை என்று மொழி உடனே கத்திவிடும். இப்போதெல்லாம் எடிட்டரே மீதியை எழுதிக் கொடுக்கிறது. வரிசை மாறுவதுதான் விஷம். இன்_அரேயில் இடம் மாற்றிக் கொடுத்தால் பிஎச்பி 8 பிழை காட்டி நின்றுவிடும். ஸ்டர்பாஸில் இரண்டுமே எழுத்துச் சரங்கள். மாற்றிக் கொடுத்தால் ஒரு சத்தமும் வராது. 'வணக்கம் சென்னை' என்பதை 'சென்னை'க்குள் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று பணிவாகப் பதில் சொல்லும். அந்தப் பதிலை நம்பி நிரல் மேலே போகும்.

அடுத்தது, ஒரே பெயருக்கு இருவர் போட்டி போடுவது. ஒரு வகுப்பில் மூன்று செந்தில் இருந்தால் ஆசிரியர் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவதுபோல, பெயர்களைக் குடும்பவாரியாகப் பிரித்து வைக்கும் நேம்ஸ்பேஸ் இல்லாத காலத்தில் பிஎச்பிக்காரர்கள் பெயருக்கு முன்னால் அடையாளம் ஒட்டினார்கள். ஜெண்ட் ஃபிரேம்ஒர்க்கின் முதல் பதிப்பில் ஜெண்ட்_கன்ட்ரோலர்_ஆக்ஷன்_ஹெல்பர்_ஃபிளாஷ்மெசஞ்சர் என்று ஒரு கிளாஸ் இருந்தது. ஐந்து சொல் சேர்ந்து ஒரே பெயர். வேர்ட்பிரஸ் இன்றுவரை தன் ஃபங்க்ஷன்கள் பலவற்றுக்கு முன்னால் டபிள்யூபி_ என்று போட்டுக்கொண்டிருக்கிறது.

இனிஷியல் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஒருமுறை மொழியே மாட்டிக்கொண்டது. 2005 நவம்பர் 24-ல் பிஎச்பி 5.1.0 வந்தபோது தேதிகளைக் கையாள டேட் என்ற பெயரில் ஒரு கிளாஸை மொழிக்குள்ளேயே சேர்த்திருந்தார்கள். பேர் என்ற பொதுத் தொகுப்பில் அதே பெயரில் ஒரு கிளாஸ் ஏற்கனவே பலர் நிரலில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் முட்டிக்கொண்டன. நான்கே நாளில், நவம்பர் 28 அன்று, 5.1.1 வெளியிட்டு மொழி தன் கிளாஸைப் பின்வாங்கிக்கொண்டது. மறுவருடம் 5.2 பதிப்பில் டேட்டைம் என்ற பெயரோடு வந்துதான் அதனால் நிற்க முடிந்தது. மொழியை எழுதுகிறவர்கள் நினைத்தால் எந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது எண்ணியிருந்தால், அந்த நான்கு நாள் போதும் தெளிய.

பிஎச்பிக்கு மட்டும் வந்த வினை அல்ல இது. 2018-ல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் பட்டியலுக்குள் பட்டியலாக இருப்பதைத் தட்டையாக்க ஃபிளாட்டன் என்ற வசதியைச் சேர்க்கப் பார்த்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரைத் தானாக ஒட்டிவைத்திருந்தது. ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் ஒரு தளம் உடைந்தது. வேடிக்கையாக ஸ்மூஷ் என்று வைக்கலாமா என்றுகூட ஒரு யோசனை வந்து பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஃபிளாட் என்று சுருக்கினார்கள். உலகம் முழுக்க ஓடும் ஒரு மொழி, பலர் மறந்தே போன ஒரு நூலகத்துக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

பிஎச்பிக்கு நேம்ஸ்பேஸ் கிடைத்தது 2009 ஜூனில், 5.3 பதிப்பில். மொழி பிறந்து 14 வருடம் கழித்து. அதற்கு எந்தக் குறியைப் போடுவது என்பதே பெரிய வழக்காகிவிட்டது. மற்ற மொழிகளைப்போல இரட்டை முக்காற்புள்ளி போடலாம் என்றுதான் முதலில் இருந்தது. ஆனால் கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்க்ஷனை அழைக்கவும் பிஎச்பி அதே குறியைத்தான் வைத்திருந்தது. கடை::திற என்று எழுதினால், கடை என்ற கிளாஸின் ஃபங்க்ஷனா, கடை என்ற நேம்ஸ்பேஸில் இருக்கும் ஃபங்க்ஷனா? மொழிக்கே தெரியாது. 2008 அக்டோபரில் பின்சாய்வுக் கோட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். விண்டோஸ் ஃபோல்டர் பாதைபோல இருக்கிறது என்று சிரித்தவர்கள் ஏராளம். சிரிப்பில் நியாயமும் கொஞ்சம் இருந்தது: இரட்டை மேற்கோளுக்குள் பின்சாய்வுக் கோட்டை அடுத்துச் சின்ன ஆங்கில என் எழுத்து வந்தால் பிஎச்பிக்கு அது புதுவரி. 'நியூஸ்' என்று சின்ன எழுத்தில் தொடங்கும் பெயரை அப்படி மேற்கோளுக்குள் எழுதியவரின் கிளாஸ் பெயர் நடுவில் இரண்டாக உடைந்து போகும். ஆனாலும் குறி அழகாக இருக்கிறதா என்பதைவிடக் குழப்பம் இல்லாமல் இருக்கிறதா என்பதைப் பார்த்த முடிவு அது. இன்று யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.

நேம்ஸ்பேஸ் வந்தாலும் ஸ்டர்லென் வகையறாக்களை யாரும் அதற்குள் குடியேற்றவில்லை. புதிய ஒழுங்கான பெயர்களைச் சேர்த்துவிட்டு, பழையவற்றையும் வைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை அடிக்கடி எழும். அதன் விளைவு ஏற்கனவே மொழிக்குள் கண் முன்னால் இருக்கிறது. இம்ப்ளோடுக்கு ஜாயின் என்று இன்னொரு பெயர், கவுண்டுக்கு சைஸ்ஆஃப், ஆர்ட்ரிமுக்கு சாப். படிக்க வருகிறவர் இரண்டையும் கற்றாக வேண்டும், ஏனென்றால் பிறர் நிரலில் இரண்டும் இருக்கும். மாறாக, துணிந்து உடைத்த மொழி பைத்தான். 2008 டிசம்பரில் 3.0 வந்தபோது கன்ஃபிக்பார்ஸர், கியூ, டிகேஇன்டர் போன்ற தொகுப்புகளின் பெரிய எழுத்துகளைச் சின்னதாக்கி ஒழுங்கு செய்தார்கள். பழைய பைத்தான் 2-க்கு விடைகொடுக்க 2020 ஜனவரி 1 ஆயிற்று. பெயர்கள் மட்டும் அல்ல அதற்குக் காரணம். ஆனால் உடைத்தால் எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு அது கணக்கு. அத்தனைக்குப் பிறகும் லாகிங் தொகுப்பில் கெட்லாகர் என்ற ஜாவா பாணிப் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

தமிழில் தளம் நடத்துகிறவருக்கு இந்தப் பெயர்க் கதை வேறு மாதிரி வந்து சேரும். 'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஸ்டர்லென்னைக் கேட்டால் 15 என்கிறது. அது எண்ணுவது பைட். எம்பி_ஸ்டர்லென்னைக் கேட்டால் 5. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணிவிடுகிறது. கிராஃபீம்_ஸ்டர்லென்னைக் கேட்டால்தான் 3 என்று நம் ஒன்றாம் வகுப்புப் பதில் வருகிறது. ஒரே கேள்விக்கு மூன்று பெயர், மூன்று விடை. எம்பி_ வரிசையின் வேர் ஜப்பானிய நிரலாளர்களின் தேவையில் இருக்கிறது. ஸ்டர்லென்னையே யூனிகோடுக்கு மாற்றும் கனவோடு தொடங்கிய பிஎச்பி 6 பாதியில் 2010-ல் கைவிடப்பட்டது. இருக்கிற மூன்றில் மிகச் சின்னப் பெயர், கைக்கு முதலில் வரும் பெயர், தமிழுக்கு மிகத் தவறான விடை தருவது. பெயர்களின் ஒழுங்கைப் பற்றிப் பேசும்போது அண்டர்ஸ்கோரை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பேச வேண்டும்.

2020-ல் வந்த பிஎச்பி 8-ல், உள்ளே போகும் மதிப்புகளைப் பெயர் சொல்லியே கொடுக்கலாம் என்று வசதி செய்தார்கள். ஊசி இது, போர் அது என்று எழுதிவிட்டால் வரிசை எப்படி இருந்தால் என்ன? அதற்காக நூற்றுக்கணக்கான ஃபங்க்ஷன்களில் அந்த உட்பெயர்களைத் தேடித் தேடி ஒரே சீராக்கினார்கள். அந்த வினாடியிலிருந்து அவையும் மாற்ற முடியாத பெயர்களாகிவிட்டன என்பது வேறு விஷயம். அதே பதிப்பில் ஸ்டர்_கன்டெய்ன்ஸ் வந்தது: அண்டர்ஸ்கோரோடு, போர் முதலில், ஊசி பிறகு. 2022-ல் 8.2 பதிப்பில் தற்செயல் எண்களுக்கான புதிய வசதி ராண்டம் என்ற தனி நேம்ஸ்பேஸுக்குள் பிறந்தது. 2024 நவம்பரில் 8.4 வந்தபோது எச்டிஎம்எல் 5-ஐச் சரியாகப் படிக்கும் கிளாஸ் டாம் என்ற நேம்ஸ்பேஸுக்குள் போனது. அந்த வேலையைப் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் செய்துவந்த பழைய டாம்டாக்குமென்ட், பொதுவெளியில் தன் பழைய பெயரோடு, அதை நம்பி எழுதப்பட்ட நிரல்களுக்காக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.