மாப்பிள்ளையின் மேல் பாக்கெட்

ரிசப்ஷன் கோட்டு தைப்பவனுக்கு முதல் எதிரி மொய்க் கவர். அடுத்தது ரோஜா மாலை. சென்னை வெயிலெல்லாம் அதற்குப் பிறகுதான். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் கடை வைத்து, ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி என்று சுற்றுவட்டாரத்து மாப்பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறேன். மேல் பாக்கெட்டில் செருகும் சின்னச் சதுரத் துணியைக் கோட்டுக் கடைகளில் பாக்கெட் ஸ்கொயர் என்பார்கள். கல்யாண வீட்டில் அது ‘மேல வைக்கிற கர்ச்சீப்’. அதை மடித்து வைக்கிற வேலையும் என் தலையில்தான் விழும். போனில் வீடியோ பார்த்துத் தாங்களே மடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. வீட்டுக் கண்ணாடி முன்னால் நன்றாகத்தான் இருக்கும். மண்டபத்து மேடையில் அரைமணி நேரம் தாங்காது.

வீடியோவில் மடித்துக் காட்டுகிறவர் ஆடாமல் அசையாமல் நிற்கிறார். நம் மாப்பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஏழு மணிக்கு மேடை ஏறினால் பத்து மணிவரை நின்றபடிதான். வரிசையில் வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுக்க வேண்டும், பெரியவர்கள் வந்தால் குனிந்து காலைத் தொட வேண்டும், காலேஜ் சிநேகிதர்கள் வந்தால் நெஞ்சோடு நெஞ்சு மோதக் கட்டிப்பிடிப்பார்கள். கையை நீட்டும்போதெல்லாம் கோட்டின் முன்பக்கம் ஏறி இறங்கும். குனிந்தால் பாக்கெட்டின் வாய் பிளக்கும். பிறகென்ன, சதுரம் உள்ளே முழுகிவிடும். இல்லாவிட்டால் யார் காலடியிலாவது கிடக்கும்.

ஆகவே மடிப்பின் மேல்பாதியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. கீழ்ப்பாதிதான் வேலை. அதற்குப் பாக்கெட்டைத் தைக்கும்போதே வழி செய்ய வேண்டும்.

மேல் பாக்கெட்டின் வாய் 4¼ அங்குலம், பட்டை ஓர் அங்குல உயரம். பட்டை நேராக இருக்காது. கைப்பக்க முனை அரை அங்குலமாவது ஏறியிருக்கும். ரெடிமேட் கோட்டுகளில் இந்தப் பாக்கெட்டைக் கச்சாத் தையல் போட்டு மூடியே அனுப்புவார்கள், தொங்கிப்போகாமல் இருப்பதற்காக. “இது டம்மி பாக்கெட்டா மாஸ்டர்?” என்று கேட்டபடி கோட்டை நீட்டுகிறவர்களுக்கு, பிளேடு நுனியால் அந்த நூலை அறுத்துக் கொடுத்தால் போதும், புதையல் கிடைத்ததுபோல் விரலை விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே பை 5 அங்குலம் போகும். லைனிங் துணியிலேயே பையையும் வெட்டியிருந்தால் பட்டு அதில் நிற்காது. பாலியெஸ்டர் மேல் பட்டு வழுக்கிக்கொண்டே போகும். நான் பைக்குக் காடாத் துணிதான் போடுகிறேன். 3½ அங்குலத்தில், பட்டையின் சாய்வுக்கு இணையாகக் குறுக்கே ஒரு தையல் ஓட்டி அடியை உயர்த்திவிடுவேன். சதுரம் உட்காருவது அந்தத் தையல் மேல்தான்.

இதை வைத்துக் கணக்குப் போட்டால் டிவி மடிப்பு எளிது. 1950களின் அமெரிக்க டிவி அறிவிப்பாளர்களால் வந்த பெயர் என்பார்கள். வெள்ளைப் பட்டை ஒன்று மட்டும் வெளியே தெரியும். 13 அங்குலப் பருத்திச் சதுரத்தை இரண்டு தடவை பாதியாக்கினால் 6½ அங்குலம். பக்கவாட்டில் உள்ளே மடக்கி அகலத்தை 4 அங்குலமாக்க வேண்டும். அடியிலிருந்து 2½ அங்குலத்தை மேலே தூக்கினால் உயரமும் 4. அதில் 3½ உள்ளே, அரை வெளியே. கனமெல்லாம் அடியில் சேர்ந்துவிடுவதால் துணி நிமிர்ந்து நிற்கும். வெளியே தெரியும் விளிம்பைத் தரைக்கு நேராக வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு. வைத்தால் கோணல் தெரியும். விளிம்பு பட்டையோடு சேர்ந்து சாய வேண்டும். குறுக்குத் தையலும் அதே சாய்வில் இருப்பதால், மடித்ததை உள்ளே விட்டாலே தானாகச் சரியாக உட்காரும்.

பஃப் மடிப்புக்கு மெல்லிய பட்டு வேண்டும், 15 அங்குலமாவது. நடுவில் கிள்ளித் தூக்கி, தொங்குவதை விரல் வளையத்துக்குள் இழுத்து, வால்களைப் பின்னால் மடக்கிச் செருகினால் முடிந்தது. இரண்டு முனை, மூன்று முனை மடிப்புகளை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒரு கட்டிப்பிடியில் முனைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துவிடும்.

இப்போதெல்லாம் பிள்ளையின் அம்மாதான் துணியோடு வருகிறார். “பொண்ணு புடவை கலர்லயே வைக்கணும் மாஸ்டர்” என்று காஞ்சிப் பட்டு ப்ளவுஸ் பிட்டில் மிஞ்சியதை நீட்டுவார். ப்ளவுஸ் தைக்கிறவர் விட்டுவைத்தது ஐந்து அங்குல அகலத் துண்டாக இருக்கும், சதுரமாவது ஒன்றாவது. முழுச் சதுரமே கிடைத்தாலும் அந்தக் கனத்துக்கு நாலு மடிப்பு போட்டால் நெஞ்சில் சோப்புக் கட்டி வைத்த மாதிரி புடைக்கும். சரிகையை மடித்து மேலே சூடாகத் தேய்த்தாலோ, அசல் சரிகை மடிப்பு வாயில் உடைந்து, வெள்ளித் தகட்டுக்குள் இருக்கும் சிவப்புப் பட்டு நூல் எட்டிப்பார்க்கும். வெளியே தெரியப்போவது அரை அங்குலம். ஓரங்களையும் சேர்த்தால் ஓர் அங்குலம். அதற்கு மட்டும் பட்டு, மீதிக்குக் காடா. சரிகைக் கரை மேல் விளிம்பில் வரும்படி பட்டைக் காடாவோடு இணைத்து, மடிப்பை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தாமல் மேலே பருத்தித் துணி போட்டு லேசாகத் தேய்த்துத் தருகிறேன். தண்ணீர் தெளிப்பதில்லை, பட்டில் வட்டம் விழும். இது ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். காடா காடாவைப் பிடித்துக்கொள்ளும், பட்டு நகராது, மேடையில் நிற்பவருக்கு அதுதான் வேண்டும்.

விளிம்பைப் பற்றி ஒரு வார்த்தை. புடவைக்கு ஃபால்ஸ், பீக்கோ அடிக்கிற கடையில் கொடுத்தால் நொடியில் நாலு பக்கமும் ஓட்டிவிடுவார்கள். அது தட்டையாக, விறைப்பாக இருக்கும். கையால் உருட்டித் தைத்தால்தான் ஓரம் உருண்டு நிற்கும். 13 அங்குலச் சதுரத்துக்குச் சுற்றளவு 52 அங்குலம். கால் அங்குலத்துக்கு ஒரு தையல் என்றாலும் இருநூறுக்கு மேல் வரும். டிவி மடிப்பில் அந்த ஓரம் உள்ளே போய்விடும். ஓரம் வெளியே தெரிகிற மடிப்பு என்றால் மட்டும் அந்தக் கை வேலைக்குக் காசு கேளுங்கள், கொடுங்கள்.

மொய்க் கவருக்கு வருகிறேன். மாப்பிள்ளைக்கு நேரடியாகக் கையில் கொடுக்கும் கவர்களெல்லாம் கோட்டின் இடது உள்பாக்கெட்டுக்குப் போகும். எட்டுப் பத்து கவர் சேர்ந்தால் அது பின்னாலிருந்து நெஞ்சைத் தள்ளும், மேல் பாக்கெட் வாயைத் திறக்கும், சதுரம் மல்லாந்துவிடும். மாப்பிள்ளைக் கோட்டுக்கு நான் உள்பாக்கெட்டை வலப்பக்கம் மட்டும் வைப்பது அதனால்தான். அடுத்தது மாலை. கோயம்பேட்டிலிருந்து வரும் ரோஜா மாலையில் வாடாமலிருக்கத் தெளித்த தண்ணீர் ஊறியிருக்கும். பட்டு மேல் பட்டால் கறைதான். மாலை போட்டே நிற்கப்போகிற குடும்பம் என்றால் வெள்ளைப் பருத்தி வைக்கச் சொல்லிவிடுவேன். முகம் துடைக்கத் தனிக் கர்ச்சீப் பேன்ட் பாக்கெட்டில்.

கோட்டு வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆவடி ஓ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1961இல் தொடங்கிய படையுடைத் தொழிற்சாலை அது. 2021 அக்டோபரிலிருந்து ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. என் மாஸ்டருக்கு இந்தச் சதுரத்தைக் கண்டாலே ஆகாது. சிப்பாய் சட்டையின் நெஞ்சுப் பாக்கெட்டுக்கு மூடியும் பட்டனும் உண்டு. பாக்கெட் என்றால் எதையாவது வைத்து மூடத்தான் என்பார். ஆனால் வெளியில் தெரியும் பட்டையைவிட உள்ளே கிடக்கும் பைக்கு அதிக நேரம் கொடுக்கச் சொன்னவரும் அவரேதான்.

வெள்ளைக்காரன் பழக்கம் நமக்கெதற்கு என்று கேட்கிறவர்களும் கடைக்கு வருவார்கள். கோட்டு அவனுடையதுதான். சதுரத் துணி அப்படியில்லை. திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலிருந்து கட்டம் போட்ட துணிகள் நூற்றாண்டுக் கணக்கில் கப்பலேறியிருக்கின்றன. ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்ற பெயரில் 36 அங்குலக் கட்டச் சதுரங்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதில் குறிப்பிட்ட நூல்களை மட்டும் வெட்டி உருவி, புதிய கோலம் வரவழைத்து, விசேஷங்களுக்கு இடுப்பில் கட்டுகிறார்கள். நேவி ப்ளூ கோட்டுக்கு மெட்ராஸ் கட்டத்தில் ஒரு சதுரம் வைத்தால் அத்தனை எடுப்பாக இருக்கும். யார் கேட்கிறார்கள்? “லுங்கித் துணி மாதிரி இருக்கே மாஸ்டர்” என்று தள்ளிவிடுகிறார்கள்.

சமீப காலமாக வேறொன்று கேட்கிறார்கள். ஊருக்கு ஊர் நிற்கும் அம்பேத்கர் சிலைகளில் நீலக் கோட்டின் மேல் பாக்கெட்டைப் பார்த்தால் பேனாதான் இருக்கும். ‘கபாலி’ படம் (2016) வந்த பிறகு கோட்டைப் பற்றி வேறுவிதமாகப் பேசும் பையன்கள் அதிகமானார்கள். அவர்களில் சிலர் “துணி வேணாம்ணே, பேனா வைக்கணும்” என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. வேலை மட்டும் மாறும். பேனாவுக்குக் குறுக்குத் தையல் கூடாது, பை 5½ அங்குலம் இறங்க வேண்டும், கிளிப் மாட்டும் இடத்தில் பட்டைக்குள் பக்ரம் துணி இன்னொரு அடுக்கு வேண்டும், இல்லையென்றால் பேனாவின் எடைக்குப் பட்டை வாய் தொங்கிவிடும். அதனால் டேப்பைக் கழுத்தில் போடும்போதே கேட்டுவிடுகிறேன்: “தம்பி, மேல கர்ச்சீப்பா, பேனாவா?” யோசித்துச் சொல்கிறேன் என்பவர்களுக்கும் பட்டை வெட்டும் நாள்வரைதான் அவகாசம்.