பர்மா உளுந்து

காலையில உக்கடத்துல மளிகைக் கடை.
"எந்த உளுந்துங்க வேணும்? பர்மாவா, நாட்டு உளுந்தா?"
கேட்டுட்டே கடைக்கார அண்ணன் கறுப்புத் தோலோட ஒரு கை அள்ளிக் காட்டினாரு.

மனசு அந்த ஒத்த வார்த்தையிலயே நின்னுபோச்சுங்க. பர்மா.

1962ல அங்க ஜெனரல் நே வின்னோட ராணுவ ஆட்சி வந்துச்சு.
1964ல கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினாங்க.
தலைமுறையா அங்க உழைச்ச நம்ம சனம் கப்பலேறி, வெறுங்கையோட சென்னைத் துறைமுகத்துல வந்து இறங்குச்சு.

2021 பிப்ரவரி 1. மறுபடியும் ராணுவம்.
ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூச்சியைக் கைது பண்ணினாங்க. 2023ல அவங்க கட்சியையே கலைச்சாங்க.
அந்தக் கட்சி இல்லாமலே 2025 டிசம்பர்ல தேர்தலை ஆரம்பிச்சாங்க.
நாடாளுமன்றத்துல நாலுல ஒரு பங்கு இடம் ராணுவத்துக்குன்னு 2008 அரசியல் சட்டத்துலயே இருக்கு.
இப்படி ஒரு தேர்தலைச் சீர்திருத்தம்னு ஏத்துக்க முடியாதுங்க.

வியாபாரம் வேண்டாம்னு சொல்லலை. அந்த உளுந்தை வெளைய வெச்சவரும் நம்மளை மாதிரி ஒரு விவசாயிதான்.
ஆனா டெல்லி அந்த நாட்டு ஆட்சியாளர்களோட பேசறப்ப உளுந்தோடயும் எல்லைப் பிரச்சினையோடயும் நிறுத்தக் கூடாது.
சிறையில இருக்கிற அரசியல் கைதிகளை விடுங்கன்னும் சேர்த்துக் கேக்கணும்.

நாளைக்கு இட்லியைப் பிட்டு வாயில வைக்கறப்ப, அந்த ஊரு சனத்தையும் ஒரு நிமிசம் நெனைச்சுக்கோங்க.