படகுக்கு ஷேவிங்!

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு லீவு. மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று போட்ட தடை. 2001-ல் ஆரம்பித்தபோது 45 நாள், 2017-லிருந்து 61 நாள். நம் ஆபீஸில் 61 நாள் லீவு என்றால் சாக்லேட் கொடுத்துக் கொண்டாடுவோம். அங்கே நிவாரணத் தொகை உண்டு, வருமானம் கிடையாது. படகுக்குப் பெரிய செலவு வருவதும் அந்த நேரத்தில்தான்.

நாகப்பட்டினத்தில் நண்பனின் அப்பாவுக்கு ஒரு விசைப்படகு. மரத்தில் கட்டி மேலே ஃபைபர் பூசியது. போன வருஷத் தடைக்காலத்தில் அதைக் கரையேற்றியபோது, மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போனேன். கையில் சுரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்!

தண்ணீருக்கு மேலே படகு புது மாப்பிள்ளை. கீழே குனிந்து பார்த்தால்... ஒரே பாசி. நடுநடுவே வெள்ளை வெள்ளையாகக் குட்டி எரிமலைகள். கொட்டலசு என்பார்கள், இங்கிலீஷில் பார்னக்கிள். பார்க்கத்தான் சிப்பி, உண்மையில் இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி. குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரியும். நல்ல இடம் கிடைத்ததும் தலையை ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு வீடு கட்டி, ஆயுசு முழுக்கக் காலாலேயே சாப்பாட்டை வாரிப் போட்டுக்கொள்ளும். (எங்கள் செக்‌ஷனில் இப்படி இரண்டு பேர்.) இதை ஆராய டார்வின் 1846-லிருந்து எட்டு வருஷம் செலவழித்தார்.

பெரியவருக்கு அவ்வளவு டைம் இல்லை. அடிப்பாகம் சொரசொரப்பானால் அதே வேகத்துக்கு டீசல் கூடுதலாகக் குடிக்கும். மீன் விற்ற காசில் டீசல் செலவைக் கழித்த பிறகுதான் ஆளுக்குப் பங்கு.

"டீ குடிச்சிட்டு ஆரம்பிக்கலாமே?" என்றான் நண்பன்.

"காய்ஞ்ச தாடியில பிளேடு வைப்பியாடா?" என்றார் பெரியவர்.

ஷேவிங் பண்ணுகிற எவனுக்கும் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஈரமாக இருக்கும்போது தண்ணீர் பீய்ச்சித் தேய்த்தால் பாசி வழுக்கிக்கொண்டு வருகிறது. காயவிட்டால் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். கொட்டலசுக்கு முனை மழுங்கின சுரண்டி, அதையும் படுக்கவைத்துத் தள்ள வேண்டும். ஆத்திரத்தில் குத்தினால் ஃபைபர் கீறும். கீறல் வழியாகத் தண்ணீர் மரத்துக்கு இறங்கும். அடுத்த வருஷப் பாசிக்கும் பிடிமானம் கிடைக்கும். மத்தியானத்துக்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது.

அடுத்தது துருக்கறை. பக்கத்துப் படகுக்காரர் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். துருவிடம் அது பலிக்காது, கறை இன்னும் அழுத்தமாகும். ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல்தான் துருவைக் கரைத்து எடுக்கும். விஷம், கையுறை கட்டாயம், பிறகு தண்ணீரைக் கொட்டிக் கழுவ வேண்டும்.

கடைசியாகச் செம்பு கலந்த பெயிண்ட். செம்பு என்றால் பாசிக்கும் கொட்டலசுக்கும் ஆகாது. 1761-லேயே பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற கப்பலின் அடியில் செம்புத் தகடு அடித்துப் பார்த்தது.

கேள்வி என்னவென்றால், ஒரு கோட்டா, இரண்டு கோட்டா? இன்னும் டின்கள் வாங்கினால் மகளின் காலேஜ் ஃபீஸ் உதைக்கும். ஜூனில் கட்டியாக வேண்டும். பெரியவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு படகை இரண்டு சுற்று சுற்றி வந்தார். தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குச் சாக்பீஸால் கோடு கிழித்தார்.

"வெயில் படுற இடத்துலதான் பாசி ஜாஸ்தி. இங்க மட்டும் ரெண்டு கோட்டு. கீழ ஒண்ணு போதும்டா."

நண்பன் பிரஷ்ஷை எடுத்தான்.