உப்பளத்துக்கு மூன்று நாள் லீவு

என் அக்கா மகள் முதுகலை வரலாறு முடித்திருக்கிறாள். துறையில் முதலிடம் என்பதால் மேடையில் பெயர் சொல்லி அழைத்துப் பட்டம் கொடுப்பார்கள். இடம் சென்னை. அக்கா, அத்தான், ஆச்சி, நான் என்று நாலு பேர் திரேஸ்புரத்திலிருந்து போக வேண்டும். பத்து நாளாக எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. சந்தோஷமான விஷயம்தானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தப் பத்து நாளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உங்களில் பலர் விரைவில் இதே இடத்தில் நிற்கப் போகிறீர்கள்.

முதலில் தேதி. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு ஆளுநர்தான் வேந்தர். அவருக்குத் தோதான நாள் உறுதியான பிறகுதான் விழாத் தேதி வெளியே வரும். எங்களுக்கு அழைப்பு வந்தது விழாவுக்கு 12 நாள் முன்பு. ரயில் முன்பதிவோ 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். ஆனால் 12 நாளில் ஸ்லீப்பர் கிடைக்குமா? வெயிட்டிங் லிஸ்ட்தான். மிச்சம் இருப்பது தட்கல். பயணத்துக்கு முந்தைய நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். காலை 11 மணிக்கு அக்கா பாத்தியில் நிற்பாள். போனில் ஓடிபி வந்தால் யார் பார்ப்பது? அதனால் என் கணக்கில் எடுக்க ஏற்பாடு. அரசு விரைவுப் பேருந்து இருக்கிறதே என்றால், ஆச்சியின் முட்டி ராத்திரி முழுக்க மடக்கி உட்காரத் தாங்காது.

அடுத்தது கூலி. இது உப்பு வாரும் காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்குத்தான் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஆக, வேலை இருக்கும்போது ஒரு நாளைக்கூட விட முடியாது. போக ஒரு நாள், விழாவுக்கு ஒரு நாள், திரும்ப ஒரு நாள். அக்காவுக்கு மூன்று நாள் கூலி போகிறது. மீன் இறங்குதளத்தில் ஐஸ் சுமக்கும் அத்தானுக்கும் அதேதான். டிக்கெட் செலவைவிட இது கூடுதல். கங்காணியிடம் லீவு கேட்கப் போனபோது, "கலியாணமா, சாவா?" என்று கேட்டாராம். மூன்றாவது ஒரு காரணம் எங்கள் ஆட்களுக்கு இதுவரை இருந்ததில்லை.

அக்கா வர மாட்டேன் என்றாள். "நான் வந்து அங்க என்னட்டி செய்யப் போறேன்? நீ அவ சித்திதான, நீயே போ." காசுதான் காரணம் என்று முதலில் நினைத்தோம். இரண்டு நாள் கழித்து ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் உண்மை வந்தது. "அங்க யாராச்சும் என்ட்ட இங்கிலீசுல ஏதாச்சும் கேட்டா? பிள்ளைக்கு ஒரு மாதிரி ஆயிரும்லா." பேசும்போது கையைச் சேலைக்குள் வைத்திருந்தாள். உப்புத் தண்ணீரில் வெடித்த கை. இருபது வருஷமாக வெயிலில் பளபளக்கும் உப்பைப் பார்த்துப் பார்த்துக் கூசிப்போன கண்.

பியர் பூர்தியு என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் இதற்குப் பண்பாட்டு மூலதனம் என்று பெயர் வைத்தார். ஓர் அரங்குக்குள் எப்படி நடப்பது, எங்கே உட்காருவது, எப்போது கைதட்டுவது என்பதெல்லாம் சிலருக்கு வீட்டிலேயே கிடைத்துவிடும் சொத்து. எம்.ஏ. வகுப்பில் அதைப் படித்துத் தேர்வு எழுதினேன். அக்காவின் அந்த ஒரு கேள்வியில்தான் அது முழுசாகப் புரிந்தது. இத்துடன் சாதியையும் சேர்த்துப் பாருங்கள். தாலுகா அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் 'தள்ளி நில்லு' என்று கேட்டே பழகியவள் அவள். ஒரு அரசுக் கட்டடம் தன்னை மரியாதையாக உள்ளே கூப்பிடுகிறது என்றால் எப்படி நம்புவாள்?

அக்கா மகள் போனில் சொன்ன பதில் இது: "நீ வரலைன்னா நானும் மேடை ஏற மாட்டேன்மா. தபால்ல அனுப்பட்டும்." என்னுடைய பட்டம் தபாலில்தான் வந்தது. அப்போது அப்பா படுக்கையில் இருந்தார், போக வழியில்லை. தபால்காரர் நீட்டிய உறையைக் கைநாட்டு வைத்து வாங்கியது ஆச்சிதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அரிசிப் பானைமேல் வைத்திருந்தாள்.

பெற்றவர்கள் பார்க்காமல் போன பட்டங்கள் நம் வரலாற்றில் நிறைய. பாபாசாகேப் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, மகன் பி.ஏ. முடித்ததைப் பார்த்தார். 1913 பிப்ரவரியில் இறந்துவிட்டார். அதே ஆண்டு ஜூலையில்தான் மகன் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1952 ஜூன் 5 அன்று கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கியபோது, 1935இல் மறைந்த ரமாபாயும் இல்லை.

இன்னொரு வகைப் பயணமும் உண்டு. ரோஹித் வெமுலாவின் தாய் ராதிகா ஐதராபாத் பல்கலைக்கழகத்துக்கு எதற்காகப் போக வேண்டியிருந்தது என்பது நமக்குத் தெரியும். 2016 ஜனவரி 17. அடுத்த ஆண்டு மார்ச் 13இல் டெல்லியில் இறந்த சேலம் முத்துக்கிருஷ்ணன் உடலாகத்தான் ஊர் திரும்பினார். ரோஹித்தோடு இடைநீக்கம் செய்யப்பட்ட சுங்கண்ணா வெல்புலா, 2016 அக்டோபரில் நடந்த பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர் கையால் முனைவர் பட்டம் வாங்க மறுத்து மேடையிலேயே நின்றார். வேறொரு பேராசிரியர் வந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த மேடையைப் புறக்கணிக்கவும் நமக்கு உரிமை உண்டு. ஆனால் பயத்தால் போகாமல் இருப்பதும் எதிர்ப்பால் மறுப்பதும் ஒன்றல்ல. இதை அக்காவிடம் என் வார்த்தையில் சொன்னேன். ராதிகா அம்மாவின் கதையைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "எந்தச் சேலைய எடுத்து வைக்க?" என்றாள்.

இனி பாஸ். ஒரு மாணவருக்கு இரண்டு பாஸ்தான். அம்மா, அப்பா என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். விடியுமுன்னே அம்மா உப்பளத்துக்கும் அப்பா கரைக்கும் போய்விடும் வீட்டில், பிள்ளைக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியவள் ஆச்சி. அந்தக் கணக்கில் ஆச்சிக்கு இடமில்லை. "அவ உள்ள போட்டும், நான் வெளிய நிக்கேன்," என்கிறார் அத்தான். மூன்றாவது பாஸ் கேட்டு அக்கா மகள் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கிறாள். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அம்பேத்கர் அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தார். அந்த உதவித்தொகையில்தான் நானும் படித்தேன், அக்கா மகளும் படித்தாள். கட்டணத்துக்கு அதில் வழி உண்டு, விடுதிக்கு உண்டு. பட்டம் வாங்குவதைப் பெற்றவர்கள் வந்து பார்க்க வழி இல்லை. மாணவர் அமைப்புகள் இதை ஒரு கோரிக்கையாக வைக்கலாம்: விழாத் தேதியை இரண்டு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும், முதல் பட்டதாரி என்று அரசே சான்று கொடுத்த பிள்ளையின் குடும்பத்துக்குக் கூடுதல் பாஸும் பயணச் செலவும் தர வேண்டும், மேடையில் தமிழிலும் அறிவிக்க வேண்டும். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது உண்டு. கடைசி செமஸ்டர் தொடங்கும்போதே வீட்டில் சொல்லிவையுங்கள். மாதம் கொஞ்சம் எடுத்துவையுங்கள். அரங்கில் என்ன நடக்கும் என்பதை அம்மாவுக்குப் போனில் வீடியோ காட்டிச் சொல்லுங்கள். வர மாட்டேன் என்றால் ஏன் என்று இரண்டாவது முறையும் கேளுங்கள்.

எங்கள் ரயிலுக்கு முத்துநகர் என்று பெயர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். திரேஸ்புரத்தில் இப்போது சங்கு குளிக்கிறார்கள், நாட்டுப்படகில் மீன் பிடிக்கிறார்கள், சுற்றிலும் உப்பு விளைகிறது. அந்த ரயிலில் அக்கா இதுவரை ஏறியதில்லை. விழா முடிந்ததும் ராஜா அண்ணாமலைபுரத்தில் அம்பேத்கர் மணிமண்டபத்துக்குப் போவதாகத் திட்டம். அங்கே பாஸ் கேட்க மாட்டார்கள் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன். வரும் வியாழன் காலை 11 மணிக்குத் தட்கல்.

ஜெய் பீம்.