எடத்து நம்பர்

போகிக்கு முந்தின நாள் பரண் ஒழித்தபோது, ஆணி போட்டுவைக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலிருந்து அது விழுந்தது. தீப்பெட்டி அளவு அலுமினியத் தகடு. இரண்டு ஓரத்திலும் திருகாணித் துளை. நடுவில் 114. எண் அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டிப் பதித்தது. இரண்டாவது 1 மட்டும் கொஞ்சம் சாய்ந்திருக்கும். தட்டியவர் அந்த நேரத்தில் யாருடனோ பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"ஏனுங்க, இதையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுரட்டுங்களா?" என்றாள் வீட்டுக்காரி.

"இது இரும்பில்லையே, அலுமினியம்" என்றேன். நான் சொன்னது பதிலே இல்லை என்று அவளுக்கும் தெரியும். தகட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

1986இல் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில், மெயின்டனன்ஸ் ஆபீசில் எழுத்தராகச் சேர்ந்தேன். வேலை என்றால் கார்டு எழுதுவதுதான். மோட்டார், பம்பு, ஏர் கம்ப்ரசர், கார்டிங், ரிங் ஃபிரேம் என்று எதுவானாலும் ஆளுக்கொரு கெட்டி அட்டை. அதற்கு ஹிஸ்டரி கார்டு என்று பெயர். என்றைக்கு வாங்கியது, என்ன ரிப்பேர், என்ன மாற்றினார்கள், யார் செய்தார்கள் என்று நான்கு பத்திகள். சேர்ந்த இரண்டாவது வாரமே நைட் ஷிஃப்டில் ஒரு ரிங் ஃபிரேம் மோட்டார் எரிந்தது. வார்னிஷ் கருகிய வாசனை டிபார்ட்மெண்ட் முழுக்க. பெரிய ஃபிட்டர் வந்தார், செயின் பிளாக்கை மாட்டினார், சங்கிலியை இழுப்பதற்கு முன் சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து அந்தத் தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்டோரிலிருந்து வந்த வேறு மோட்டார் உட்கார்ந்ததும், பையிலிருந்த தகட்டை அதன் நெற்றியில் வைத்தார். துளை ஒத்துவரவில்லை. வட்ட அரத்தால் ஒரு துளையை நீளவாக்கில் ராவிவிட்டு முடுக்கினார்.

கார்டும் கையுமாக நின்ற எனக்கு இது சரியில்லை என்று பட்டது. "அண்ணா, இது வேற மோட்டாருங்களே. அதே நம்பரை எப்படிங்க போடறது?"

அவர் கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்தபடி சொன்னார்: "நம்பரு மோட்டாருக்கில்லீங் தம்பி. எடத்துக்கு."

எனக்கு வைத்திருப்பது என் அப்பாவைப் பெற்றவரின் பெயர். அவர் இறந்த வருஷம் நான் பிறந்தேன். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். சின்ன வயதில் கிழவிகள் யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "சின்னவனே" என்பார்கள். ஆள் போனாலும் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று நினைத்த ஜனங்கள். ஃபிட்டரும் அந்த ஜனத்தில் ஒருவர்தானே. அன்றைக்கு இதெல்லாம் தோன்றவில்லை. கார்டில் 'மோட்டார் மாற்றப்பட்டது' என்று எழுதித் தேதி போட்டேன், அவ்வளவுதான்.

எரிந்த மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போகும். கணபதி, பீளமேடு பக்கம் அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு ரீவைண்டிங் கடை. மோட்டாருக்குப் பேர்போன ஊர் இது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்த ஊர். கேட் பாஸில் இரண்டு வகை, திரும்பி வரும் சாமானுக்கு ஒன்று, வராததற்கு ஒன்று. மோட்டாருக்குத் 'திரும்பி வருவது' போட வேண்டும். வரும், ஆனால் போன இடத்துக்கு வராது. ஸ்டோரில் உட்கார்ந்து, அடுத்து எது எரிகிறதோ அந்த இடத்துக்குப் போகும். அப்படி ஊர் சுற்றிய மோட்டார்கள் எத்தனையோ. தகடுகள் மட்டும் நகரவில்லை.

இன்னொரு பக்கம் ஆபீஸ் கணக்கு. அங்கே இயந்திரத்துக்கு ஆயுசு வேறு மாதிரி. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பொதுவான இயந்திரங்களுக்கு 15 வருஷம் கொடுக்கிறது, மேசை நாற்காலிக்கு 10, கம்ப்யூட்டருக்கு 3. அந்த வருஷங்களுக்குள் தேய்மானத்தை எழுதித் தீர்த்துவிட வேண்டும். கடைசியில் மிச்சமாக வைக்கும் மதிப்பு பொதுவாக வாங்கிய விலையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பழைய பதிவேடுகளில் எங்கள் கார்டிங் மெஷின் ஒன்று ஒரு ரூபாய் மதிப்பில் நின்றது. ஒரு ரூபாய்க்கு அது நாளெல்லாம் சிலிவர் என்னும் பஞ்சுத் திரியைக் கொட்டிக்கொண்டிருந்தது. கணக்கில் கருமாதி முடிந்தும் எழுந்து வேலைக்குப் போகும் இந்த மெஷின்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

2007 வாக்கில் மென்பொருள் வந்தது. வாங்குவது முதல் கழிப்பது வரை ஒரு மெஷினின் முழு ஜாதகமும் அதில் இருக்கும் என்றார்கள். ஆர்டர், வாரண்டி, எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை மணி நேரம் ஓடியது, அடுத்த சர்வீஸ் என்றைக்கு, எவ்வளவுக்கு விற்றோம். கார்டுகளையெல்லாம் நானே உட்கார்ந்து ஏற்றினேன். ஏழு மாதம். மெஷின் ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று எழுத்தில் ஒரு சங்கேத எண், அதற்கொரு பார்கோடு ஸ்டிக்கர். நூல் மில்லில் ஈரப்பதத்தை அறுபது சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அந்த ஈரத்திலும் பறக்கும் பஞ்சிலும் ஸ்டிக்கர் ஓரம் தூக்கி, தூக்கிய இடத்தில் பஞ்சு ஏறி, ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும்.

உதிராததை ஆயுத பூஜை பார்த்துக்கொண்டது. மெஷினைத் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும்; மெஷினில் வழவழப்பாக, வெள்ளையாக, முகம் மாதிரி இருந்த ஒரே இடம் ஸ்டிக்கர்தான். மூன்று விரலால் சந்தனம், நடுவில் குங்குமம். பூஜை முடிந்த மறுநாள் ஸ்கேனரை நீட்டினால் ஒரு மெஷினும் வாய் திறக்காது. கம்பெனி அனுப்பிய இளம் இன்ஜினியர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: பார்கோட்டை யோசித்த ஜோசஃப் உட்லண்ட், மியாமி கடற்கரை மணலில் மோர்ஸ் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழே இழுத்துவிட்டபோதுதான் அந்தக் கோடுகள் பிறந்தனவாம். 1952இல் காப்புரிமை கிடைத்தும், 1974இல்தான் அமெரிக்காவில் ஓஹியோவின் டிராய் ஊர்க் கடையில் ஒரு சூயிங் கம் பொட்டலம் முதலில் ஸ்கேன் ஆனது. மணலில் விரலால் இழுத்ததை எங்கள் ஆட்கள் சந்தன விரலால் அழித்தார்கள். பின்னால் க்யூ.ஆர். கோடு வந்து எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. ஜப்பானில் டென்சோ வேவ் 1994இல் கார் பாகங்களை எண்ணுவதற்காக உருவாக்கியது அது. தொழிற்சாலை அழுக்கை மனதில் வைத்துச் செய்ததால் கிட்டத்தட்ட 30 சதவீதம் வரை மறைந்தாலும் படித்துவிடும்படி அமைக்கலாம். பொட்டைச் சின்னதாக வைக்கச் சொன்னோம். தீர்ந்தது.

தகட்டுக்கு வருகிறேன். மென்பொருள் வந்த அடுத்த வருஷம் ஆடிட். பதிவேட்டில் உள்ள சாமான்களை நிர்வாகம் நேரில் சரிபார்த்ததா என்று ஆடிட்டர் எழுதித் தர வேண்டும். அவர் ஆபீஸிலிருந்து மீசை முளைக்காத ஒரு ஆர்ட்டிகிள் பையன் வந்தான். நாங்கள் எல்லோரும் தகட்டைப் பார்ப்போம்; அவன் குனிந்து மோட்டாரின் நேம்பிளேட்டைப் பார்த்தான். "சார், உங்க சிஸ்டத்துல 114 வந்து 1978 மோட்டார். இதுல 2001ன்னு இருக்கு. சீரியல் நம்பரும் வேற. அப்போ அந்த மோட்டார் எங்கங்க சார்?"

எங்கே என்று யாருக்குத் தெரியும்? நான் ஏழு மாதம் ஏற்றிய ஜாதகத்தில் 114 ஒரே மோட்டார், முப்பது வருஷம் ஓடியது, மூன்று தடவை எரிந்தது, பதினொரு தடவை பேரிங் மாற்றியது. நிஜத்தில் அது நான்கு மோட்டார்களின் வாழ்க்கை. நாலு பேரின் ஜாதகத்தைத் தைத்து ஒரு ஆளுக்குக் கட்டிவிட்டிருக்கிறேன். பையன் தன் தாளில் 'காணவில்லை' என்று எழுதிக்கொண்டான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மோட்டாரைத் திருடியவன் மாதிரி இருந்தது.

மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. எஸ்.ஏ.பி. போன்ற பெரிய அமைப்புகளில் இதற்கு இடம் வைத்தே செய்திருக்கிறார்கள். 'ஃபங்ஷனல் லொக்கேஷன்' என்பது நாற்காலி, 'எக்யூப்மென்ட்' என்பது அதில் உட்காரும் ஆள். இரண்டுக்கும் தனித்தனிப் பதிவு. எங்களுக்கு வந்த சின்ன மென்பொருளில் நாற்காலி கிடையாது, ஆள் மட்டும்தான். ஆகவே தகட்டைப் புறந்தள்ளி, நேம்பிளேட் சீரியல்படி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஏற்றினோம். கார்டுகளையும் பழைய கேட் பாஸ் கட்டுகளையும் வைத்துக்கொண்டு, எந்த மோட்டார் எப்போது எங்கே இருந்தது என்று பின்னோக்கிப் போனது ஒரு துப்பறியும் வேலை. நாற்பத்திரண்டு மோட்டார்களில் முப்பத்தெட்டைக் கண்டுபிடித்தேன். இன்றும் அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

திரை சுத்தமாகிவிட்டது. எந்த மோட்டாரும் அளவுக்கு மீறிக் கெடவில்லை. ஆளுக்கு இரண்டு பேரிங், மூன்று பேரிங். மானேஜருக்குத் திருப்தி.

பெரிய ஃபிட்டர் அப்போது ஓய்வு பெறும் வயதில் இருந்தார். திரையை எட்டிப் பார்த்தவர், "114க்கு மட்டும் காட்டுங் தம்பி" என்றார். 114 என்று ஒன்று இப்போது இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ரிங் ஃபிரேம் பக்கம் நிறுத்தி, மேலே காட்டினார். ஈரக் காற்று போகும் டக்ட். அதன் இணைப்பில் ஒரு சொட்டு திரண்டுகொண்டிருந்தது. விழுவதற்குள் ஒரு பீடி பற்றவைத்துவிடலாம், அவ்வளவு மெதுவாக. விழுந்தது சரியாக ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில். பேரிங் கவரைக் கழற்றினார். உள்ளே 6309. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 45 மில்லிமீட்டர். எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. விரலில் எடுத்து எனக்கு நீட்டினார்.

பதினொரு பேரிங்கும் அந்த ஒரு சொட்டுக்குப் போனவை. பழைய கார்டில், தப்பாகத் தைத்த அந்த ஜாதகத்தில், அது கண்ணுக்குத் தெரிந்தது. நான் சரிசெய்த பதிவில் ஆளுக்கு இரண்டு மூன்றாகப் பங்கு பிரிந்து மறைந்துவிட்டது. டக்ட் இணைப்பை அடைக்க அரைமணி நேரம் ஆயிற்று. 'எத்தனையோ தடவை சொல்லியாச்சு, எவன் கேட்டான்' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன், என் கார்டில் அதற்குப் பத்தி இல்லை.

கணக்கு வைத்துப் பார்த்தால்தான் தெரியும் சங்கதிகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வாடிங்டன் என்ற உயிரியல் விஞ்ஞானி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கடலோரப் பிரிவுக்கு ஆலோசனை சொன்னவர். 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை விமானத்தைப் பிரித்துச் சோதித்தார்கள். சோதனை முடிந்த கையோடுதான் கோளாறுகள் ஏறின, பறக்கப் பறக்கக் குறைந்தன என்பதை அவர் கணக்கெடுத்துக் காட்டினார். அவர் புத்தகம் 1973இல்தான் வெளிவந்தது. எங்கள் மில்லில் ஓவர்ஹால் முடிந்த முதல் ஷிஃப்டுக்கு யாரும் ஆசைப்பட்டு வர மாட்டார்கள். "நோண்டுனா நோவும்" என்பார் பெரிய ஃபிட்டர். மென்பொருளோ தேதி வந்தால் சிவப்பாக மின்னும். நோண்டியே ஆக வேண்டும்.

2019இல் நான் ஓய்வு பெற்றபோது இடத்துக்கும் தனிப் பதிவு உள்ள புது மென்பொருள் வந்திருந்தது. தகடுகளையெல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட்டிருந்தார்கள். இதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு ரூபாய்கூடப் பெறாத சொத்து. கேட் பாஸ் போடவில்லை.

எங்கள் வீட்டுப் போர்வெல் மோட்டாரைப் போன சித்திரையில் இரண்டாம் தடவையாக மேலே இழுத்தார்கள். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக இறக்கினோம். ஸ்டார்ட்டர் பெட்டி மட்டும் அதே சுவரில். போகியன்று மத்தியானம், பெட்டிக்குக் கீழே இரண்டு ஓட்டை போட்டு, ரப்பர் பிளக் வைத்து, தகட்டை முடுக்கினேன். அவர் ராவிய துளை நீளமாக இருப்பதால் எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் சரிந்துதான் நிற்கிறது. சரிந்ததில் அந்த இரண்டாவது 1 மட்டும் நேராகத் தெரிகிறது.