வளவில் இரண்டு நாள்

"திருமயம் தாண்டினதும் ஒரு போன் போடுங்க" என்று மேனேஜர் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார். போன் வந்ததும் அடுப்படிப் பக்கம் திரும்பி, "நாலு பேரு, அரை மணியில வந்துருவாக" என்று ஒரு குரல். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், தங்கும் விடுதியாகிவிட்ட இந்தப் பழைய வீட்டில், விருந்தாளிக்கான முன்னேற்பாடு இவ்வளவுதான்.

சனிக்கிழமை முற்பகல். சென்னைப் பதிவெண் கார் ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. அப்பா, அம்மா, ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற பெண், அப்பாவைப் பெற்ற பாட்டி. யாரும் சொல்லாமலே பாட்டி கீழேயே செருப்பைக் கழற்றிவிடுகிறாள். மகன் ஷூவோடு இரண்டு படி ஏறிவிட்டான்.

"அண்ணே, அங்கனயே கழட்டிருங்க. உள்ள ஆத்தங்குடிக் கல்லு."

அவன் கண் ரிசப்ஷனைத் தேடுகிறது. அப்படி ஒன்று கிடையாது. முகப்பில் சாய்வுப் பலகை வைத்த பழைய கணக்குப்பிள்ளைப் பெட்டி. வட்டிக் கணக்கு எழுதிய பலகை மேல் இன்று ஆதார் நகலும் கார்டு மெஷினும். இரண்டு நாள் தங்கல், காலை டிபன் சேர்த்து. மதியச் சாப்பாடு தனிக் கணக்கு.

பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சுவரைத் தடவிப் பார்க்கிறாள்.

"ஏம்ப்பா, இது சலவைக்கல்லா?"

"இல்லம்மா. சுண்ணாம்பு. முட்டை வெள்ளைக்கரு சேத்து அரைச்சுப் பூசினது. என் வயசுக்கு இதுல ஒரு கோட் பெயின்ட் அடிச்சுப் பாத்ததில்ல."

பாட்டி கையை எடுக்கவில்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. சுவர் குளிர்ச்சியாக இருக்கிறது போலும். சிப்பிச் சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி, கடைசிப் பூச்சுக்கு வெள்ளைக்கரு. படிப்படியாகப் பூசிக் கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய வழவழப்பு. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று அருகிவிட்டார்கள். இருப்பவர்களுக்கு நாள் குறித்துக் காத்திருக்க வேண்டும்.

வீட்டின் வாசல் வரிசையைப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். தலைவாசலில் நின்றால் முகப்பு, வளவு என்ற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் கடந்து பின்வாசல் தெரிகிறது. அதற்கப்பால் அடுத்த தெரு. முன்பக்கம் ஒரு தெரு, பின்பக்கம் ஒரு தெரு; நடுவில் முழுக்க ஒரே வீடு. செட்டிநாட்டில் இன்று எஞ்சியிருக்கும் 70க்கும் மேற்பட்ட ஊர்களிலும் பெரிய வீடுகளின் அமைப்பு ஏறக்குறைய இதுதான்.

"எத்தனை ரூம் அங்கிள்?"

"எண்ணினா ராத்திரி ஆயிரும் பாப்பா."

அவளுடைய அப்பாவின் குறை வேறு. வளவைச் சுற்றி வரிசையாகக் கதவுகள், திறந்திருந்த ஒன்றை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய வீட்டுல ரூம் ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?" என்கிறான். நியாயமான கேள்வி. அந்த அறைகள் படுத்து உறங்கக் கட்டியவை அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. சாமான் வைக்க, சாமி கும்பிட, புதுசாகக் கல்யாணமானவர்கள் தங்க. மற்றவர்கள் வளவைச் சுற்றிய பத்தியில் பாய் விரித்துப் படுத்தார்கள். கல்யாணமும் சாவும் வந்தால் நூற்றுக்கணக்கானோர் இலை போட்டு உட்கார வேண்டும் என்ற கணக்கில் போட்ட வீடு. விருந்தாளிகளுக்கு மாடி அறைகள். அங்கேதான் ஏசியும் குளியலறையும்.

மதியம் இலை விழுகிறது. கோழி வறுவல், வெண்டைக்காய் மண்டி, ரசம், கடைசியில் தேங்காயும் சர்க்கரையும் சேர்த்த கவுனி அரிசி. முதல் வாய் எடுத்ததும் அப்பாவின் முகத்தில் ஏமாற்றம்.

"செட்டிநாடுன்னா காரம் தூக்கலா இருக்கும்னு நெனச்சேன்."

பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரர் நிமிரவில்லை. "அது ஓட்டல்ல தம்பி. கறியில போட்டது மசாலா. மொளகாப் பொடி இல்ல." மண்டியை இன்னொரு கரண்டி வைத்துவிட்டுப் போகிறார். அரிசி களைந்த நீரில் புளி சேர்த்து வைத்த மண்டி. பாட்டி மட்டும் மறுசோறு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

அடுத்த வரிசையில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி, புதுச்சேரியிலிருந்து வந்த தமிழ் வழிகாட்டியோடு. சாப்பாடு முடிந்ததும் மேனேஜர் அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார். நன்றாகப் பழகிய வரிசை: தூண் பர்மாத் தேக்கு, கண்ணாடி பெல்ஜியம், சலவைக்கல் இத்தாலி, இரும்பு உத்திரம் இங்கிலாந்து. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அந்த மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார். வழிகாட்டி தமிழில் சொல்கிறார்: "இவ்வளவுக்கும் காசு ஏதுன்னு கேக்குறாரு."

"ஐயாமாரெல்லாம் பர்மாவுக்குக் கொண்டுவிக்கப் போயிருந்தாக" என்கிறார் மேனேஜர். அதோடு நிறுத்திக்கொள்கிறார்.

அதற்குமேல் சொன்னால் கதை நீளம். நகரத்தார் என்ற செட்டிநாட்டுச் செட்டியார்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கடை போட்டு வட்டிக்கு விட்டார்கள். ஏஜெண்டுகள் மூன்று வருஷக் கணக்குக்குப் போய் வந்தார்கள். இந்த வீடுகள் பெரும்பாலும் 1850க்கும் 1940க்கும் இடைப்பட்ட காலத்தவை. அங்கே வந்த வட்டி இங்கே தூணாக நின்றது. 1930களில் உலகெங்கும் நெல் விலை சரிந்தபோது பர்மிய விவசாயிகளால் கடனை அடைக்க முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் அந்தப் பத்தாண்டுக்குள் செட்டியார்கள் கைக்கு வந்தது. நிலம் பறிபோனவர்களின் கோபமும் கூடவே வந்தது. 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் நகரத்தார் தப்பி ஓடிவந்தார்கள். சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது. 1962க்குப் பிந்தைய ராணுவ ஆட்சி மிச்சத்தையும் முடித்துவைத்தது. பணம் வந்த வழி அடைந்தபின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள்.

பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு ஆட்டோவில் ஓர் ஆச்சி வந்து இறங்குகிறார். கூட தம்பி மகன். மேனேஜர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொள்கிறார். இது அறை கேட்டு வந்த கூட்டம் இல்லை. வளவின் வடக்குப் பத்தியில் மூன்றாவது கதவு. இடுப்பிலிருந்து சாவிக்கொத்து வருகிறது. பூட்டு லேசில் இறங்கவில்லை. தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டதும் இறங்குகிறது.

உள்ளே இருட்டு. மேனேஜர் டார்ச் அடித்ததும் பித்தளை தெரிகிறது. அண்டா, குண்டான், தூக்கு எல்லாம் ஒன்றினுள் ஒன்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் இனிஷியல் வெட்டியிருக்கிறது. அலமாரியில் அடுக்கு அடுக்காக மங்குச் சாமான். மூலையில் துணி சுற்றிய பர்மா மரவை இரண்டு, அரக்குப் பூசிய பாத்திரங்கள். சிவப்பும் கறுப்பும் இன்னும் மங்கவில்லை. பேத்தி கல்யாணத்துக்குச் சீர் வைக்க அதைத்தான் எடுக்க வந்திருக்கிறார்.

வாசலில் சென்னைப் பெண் நிற்கிறாள், உள்ளே வரலாமா என்று தெரியாமல்.

"வா ஆத்தா, வந்து பாரு" என்கிறார் ஆச்சி. பெண் நிலைப்படியைத் தாண்டி வருகிறாள். மரவையை அவள் கையில் கொடுக்கிறார். இவ்வளவு லேசா என்று அவள் முகம் கேட்கிறது.

கதவைப் பூட்டிக்கொண்டே ஆச்சி கேட்கிறார்: "மேக்கால ஓடு மாத்தியாச்சா?"

"பாதி ஆயிருச்சு ஆச்சி. கொத்தனாரு தையிலதான் வாராராம்."

"ரூம் காசு பத்துதா?"

"இந்த வருசம் பத்திரும்."

"அப்ப சரி."

காபி குடிக்காமலே ஆட்டோவில் ஏறுகிறார். அது போனபின் மேனேஜர் சமையல்காரரிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "கடைசியாக் கையெழுத்துப் போட்டதே இவுகதான். வீட்டச் சத்திரமாக்கப் போறிகளான்னு ஒரே சண்டை."

இந்த வீடுகளின் சிக்கல் முழுக்க அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, தனிக் குடும்பக் கணக்கு. மூன்று தலைமுறை தாண்டினால் ஓர் அறைக்கே நாலு பங்காளி. ஓடு மாற்ற எல்லோரும் காசு போட வேண்டும், விற்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். காசு போட ஒருவரும் வராத வீட்டில், ஒரு மழைக்காலம் ஓடு சரிந்தால் அடுத்த மழைக்கு உத்திரம் உளுக்கும். அதன்பிறகு எல்லோரும் ஒரே மனதாகச் சம்மதிப்பது இடிப்பதற்குத்தான். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014ஆம் ஆண்டிலேயே செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்துவிட்டன. பட்டியலில் இருப்பதால் ஓடு தானாக மாறிவிடுவதில்லை.

மாலையில் கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுக்க வருகிறது. கேமராக்காரர் ட்ரோனை எடுக்க, மேனேஜர் கையைக் காட்டித் தடுக்கிறார். வளவின் மேலே பறவைக்கும் குரங்குக்குமாகக் கம்பி வலை. மாப்பிள்ளை தூணில் சாய்ந்து நிற்கிறான்; பெண் ஊஞ்சலில். "சிரிங்க, சிரிக்காதீங்க" என்று மாறி மாறி உத்தரவு. பாட்டி ஓரமாக உட்கார்ந்து முழுசாகப் பார்க்கிறாள். தன் மகன் கல்யாண ஆல்பம் எங்கே என்று மருமகளைக் கேட்கிறாள். மருமகளுக்கும் தெரியவில்லை.

இரவு சாப்பாட்டுக்குப்பின் மேனேஜர் போன் அடிக்கிறது. "இல்லீங்க, அந்த வாரம் ஒரு ரூமும் கிடையாது... எவ்வளவு குடுத்தாலும் இல்லீங்க. படைப்பு இருக்கு. வீட்டுக்காரவுக எல்லாரும் வாராக." முன்னோருக்குப் படைத்துப் பங்காளிகள் ஒன்றாகச் சாப்பிடும் நாள். அன்றைக்கு இந்த வீடு யாருக்கும் வாடகைக்கு இல்லை.

ஞாயிறு காலை டிபனுக்கு வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும். நேற்றுக் காரம் போதாது என்றவன் சட்னியைத் தொட்டுவிட்டுத் தண்ணீர் கேட்கிறான். சமையல்காரருக்கு அது போதும்.

இங்கே தங்குகிறவர்கள் கிளம்பும்போது போகும் பாதை அநேகமாக ஒன்றுதான்: ஆத்தங்குடி, பிறகு காரைக்குடி. ஆத்தங்குடிப் பட்டறையில் கண்ணாடித் தகடு ஒன்றைத் தரையில் வைத்து அதன்மேல் பூ வடிவத் தகர அச்சை வைக்கிறார் தொழிலாளி. சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் அள்ளி ஒவ்வொரு கண்ணறையிலும் ஒரு நிறம். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. மேலே உலர்ந்த சிமெண்ட் கலவையைத் தூவி, ஈரக் கலவையை அப்பி, மட்டம் பார்த்து ஒதுக்கிவிடுகிறார். உலர்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி வந்தபின் கண்ணாடி கழன்றுவிடும். அதன் பளபளப்பு கல்லில் தங்கிவிடும். சூளையும் இல்லை, பாலிஷும் இல்லை. பெண் ஒரு பூவுக்குச் சாயம் ஊற்றிப் பார்க்கக் கேட்கிறாள். கரண்டி கைமாறுகிறது. சிவப்பு பச்சைக்குள் வழிந்துவிட்டது. தொழிலாளி சிரித்துக்கொண்டே அந்தக் கல்லைத் தனியே வைக்கிறார்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கடைக்குக் கடை பழைய சாமான். மங்குத் தட்டு, அடுக்குக் கேரியர், ரவிவர்மா அச்சுப் படம், பூட்டு, சாவி. பின்னால் தூண்களும் கதவுகளும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. செதுக்கல் நிறைந்த ஒரு நிலையின் முன் அப்பா நின்றுவிடுகிறான். யானை, அன்னம், நடுவில் கஜலட்சுமி. புது ஃபிளாட் ஹாலில் வைக்க அளவு சரியாக வரும் என்று மனைவியிடம் கையால் காட்டுகிறான்.

"எந்த ஊரு வீடு?" என்று கேட்டது பாட்டி.

கடைக்காரர் பக்கத்து ஊர் ஒன்றைச் சொல்கிறார். "போன ஆவணியில பிரிச்சாங்கம்மா. தேக்கு, இன்னும் நூறு வருசம் நிக்கும்."

பாட்டி மகனைப் பார்க்கிறாள். அவன் விலையைக் கேட்காமல் திரும்புகிறான். ஒரு மங்குக் கேரியரை வாங்கிக்கொண்டு கார் கிளம்புகிறது.

முன்னோர் வீட்டில் காசு வாங்கிக்கொண்டு அந்நியர்களைத் தங்கவைப்பதா என்று இன்னும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்த ஆச்சியின் கோபத்தில் நியாயமும் உண்டு. ஆனால் வாடகை வருகிற வீட்டில் ஓடு மாறுகிறது. பூட்டிய வீட்டின் நிலைதான் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வருகிறது. இரண்டில் ஒன்று என்றால் சத்திரமாக இருப்பதே மேல். போகிறவர்கள் முடிந்தால் ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள். செருப்பை வாசலில் விடுங்கள், பூட்டிய கதவைத் தள்ளிப் பார்க்காதீர்கள், படைப்பு என்று சொன்னால் வேறு தேதி கேளுங்கள். திரும்பும்போது ஏதாவது வாங்க வேண்டுமென்றால் ஆத்தங்குடியில் புதுக் கல் வாங்குங்கள். பிரித்த வீட்டின் நிலையை வாங்க வேண்டாம். வாங்க ஆள் இருக்கிறவரை பிரிக்கவும் ஆள் இருக்கும்.