அவிழத் தெரிந்த கட்டு

நின்றுவிட்ட மிதிவண்டியிலிருந்து ஒருவர் விழ முடியுமா? முடியும் என்பதைச் சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அறுபத்தைந்தாம் வயதில் அறிந்துகொண்டேன். சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நின்றது. வழக்கம்போல் இடக்காலைத் தரையில் ஊன்ற முயன்றேன். கால் வரவில்லை. வெட்டுண்ட வாழைபோல் வண்டியோடு அப்படியே சாய்ந்தேன்.

சாலையோரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மையார் ஓடிவந்து தூக்கிவிட்டார். பெடலோடு ஒட்டிக்கிடந்த என் காலணியைப் பார்த்து, "காலைக் கட்டி வச்சுக்கிட்டா ஐயா வண்டி ஓட்டுவீங்க?" என்று கேட்டார். முழங்கைக் காயத்தைவிட அந்தக் கேள்விதான் அதிகம் வலித்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் என் தந்தையும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தார்.

பணி ஓய்வுக்குப் பின் மருத்துவரின் அறிவுரைப்படி காலைதோறும் மிதிவண்டி ஓட்டி வந்தேன். ஒரு மழைநாளில் ஈரக் காலணி வழுக்கிவிட, சுழன்று வந்த பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்துத் தோலைக் கிழித்தது. கால் நழுவாதிருக்க வழி தேடியபோது, பந்தய வீரர்கள் பயன்படுத்தும் பெடல் என் கண்ணில் பட்டது. காலணியின் அடியில் ஒரு சிறு துண்டு. பெடலில் வில்லோடு கூடிய கவ்வி. மிதித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால் விடுபடும். பூட்டிக்கொள்ள ஒரே நிமிடத்தில் பழகிவிட்டேன். திறந்துகொள்ளப் பழகவில்லை.

இத்தனைக்கும் நான் வளர்ந்தது பூட்டுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லில். என் தந்தை பூட்டுத் தொழிலாளி!

என்னைவிட மூன்று வயது இளையவனான தம்பியை, இரண்டாம் வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. சொட்டுமருந்து எங்கள் தெருவை எட்டியிராத காலம் அது. உயிர் பிழைத்தான், ஆனால் வலக்கால் மெலிந்து, பாதம் துவண்டு போயிற்று. இந்தியா போலியோ அற்ற நாடு என்று 2014-இல் சான்றளிக்கப்பட்டபோது, அந்தச் செய்தித்தாளை அவன் நெடுநேரம் மடியில் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1975. எனக்கு வயது பதினாறு, அவனுக்குப் பதின்மூன்று. நாள்தோறும் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குச் செல்வேன். ஒருநாள், "அண்ணே, நானே ஓட்டணும்" என்றான். ஏறினான். வலப்பாதம் பெடலில் நிற்கவில்லை. வைக்க வைக்க நழுவியது. பழைய டியூபிலிருந்து நீளமாக ஒரு பட்டையை வெட்டி, அந்தப் பாதத்தைப் பெடலோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டேன். வண்டி நகர்ந்தது. தட்டுத் தடுமாறித்தான் ஓட்டினான், ஆயினும் ஓட்டினான்! அன்று அவன் முகத்தில் கண்ட ஒளியைப் பின்னர் அவனுடைய திருமணத்தன்றுகூட நான் கண்டதில்லை.

அவன் இறங்கும்போதெல்லாம் ஓடிச் சென்று முடிச்சை அவிழ்த்துவிடுவேன். பத்து நாள்கள் இப்படிக் கழிந்தன. பதினோராம் நாள் இடப்புறமிருந்து ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. வண்டி வலப்புறம் சாய்ந்தது. கட்டிய கால் வரவில்லை. வண்டியோடு விழுந்ததில் அவனுடைய காறை எலும்பு முறிந்தது.

"காலைக் கட்டி வச்சா வண்டி ஓட்டச் சொன்னே?" என்று அப்பா கேட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "பூட்டுச் செய்யறவன் பூட்டிப் பார்த்ததும் வித்துட மாட்டான்டா. திறந்து பார்த்துட்டுத்தான் விப்பான். நீ போட்ட முடிச்சை அவன் கையால அவுக்க முடியுமான்னு பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

நான் பார்க்கவில்லை. அன்பினால்தான் கட்டினேன், அதில் ஐயமில்லை. ஆனால் கட்டப்பட்டவன் தம்பியாகவும், அவிழ்க்கும் கை என்னுடையதாகவும் இருந்தன. அது அவனுக்கு நான் தந்த விடுதலை என்று அந்தப் பத்து நாள்களும் எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எலும்பு கூடிய பின், அப்பா வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, தம்பியை ஏற்றி மிதிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் காணாத ஒன்றை அவர் கண்டார். இடக்கால் பெடலைக் கீழே அழுத்துகிறது. அது மீண்டும் மேலே வர வேண்டுமானால் வலக்கால் அழுத்த வேண்டும், அதற்கு வலுவில்லை. ஆகவே இடக்காலேதான் பெடலை மேலேயும் இழுத்தாக வேண்டும். பிடிமானம் முதலில் தேவைப்பட்டது தளர்ந்த காலுக்கன்று, வலுவான காலுக்கு! நானோ தளர்ந்த காலை மட்டுமே பார்த்து, அதை மட்டுமே கட்டியிருந்தேன்.

இரும்புத் தகட்டை வளைத்து, இடப்பெடலின் முன்புறம் விரல்களை ஏற்கும் ஒரு கூடு செய்தார். தோல் பதனிடும் இடத்திலிருந்து வாங்கிவந்த துண்டுத் தோலில் பக்கிள் வைத்த வார் ஒன்றை அதில் கோத்தார். பாதத்தைப் பின்னுக்கு இழுத்தால் வெளியே வந்துவிடும் அளவுக்கு அது தளர்வாகவே இருந்தது. வலப்பெடலில் முன்னே ஒரு கூடு, குதிகாலுக்கு ஒரு சிறு தடுப்பு. வெளிப்பக்கம் திறந்தே இருந்தது. வண்டி அப்பக்கம் சாய்ந்தால் பாதம் தானே வெளியே வந்துவிடும். பிறகு ஒரு வாரம் வண்டி ஸ்டாண்டைவிட்டு நகரவில்லை. காலை வை, எடு, மறுபடி வை, எடு. நாளுக்கு நூறு முறை. அதன் பின்னரே சாலை. பள்ளிக்கும், பின்னர் வேலைக்குமாகத் தம்பி முப்பது ஆண்டுகள் மிதிவண்டியில் சென்றான்.

அப்பா செய்த கூடும் வாரும் பந்தய வீரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தியவைதாம் என்று பின்னாளில் அறிந்தேன். வாரை இறுக்கிக்கொண்டவர்கள் நிற்பதற்கு முன் குனிந்து கையால் தளர்த்த வேண்டியிருந்தது. இத்தாலியரான சினோ சினெல்லி 1971-இல் வார் இல்லாத ஒரு பெடலைக் கொண்டுவந்தார். அதிலும் விடுபடக் கைதான் வேண்டும்; அது பரவவில்லை. பனிச்சறுக்குக் காலணிகளுக்குக் கவ்விகள் செய்துவந்த லுக் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1984-இல் புதிய பெடலை வெளியிட்டது. பனிச்சறுக்குக் கவ்வியின் கடமை காலைப் பிடித்திருப்பது மட்டுமன்று. சறுக்குபவர் விழுகையில், கால் முறியுமுன் விட்டுவிடுவதும் ஆகும். அந்த அறிவு மிதிவண்டிக்கு வந்தது. மறு ஆண்டே பெர்னார் இனோ அப்பெடலோடு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். உலகம் ஏற்றுக்கொண்ட கட்டு, தானே அவிழத் தெரிந்த கட்டாக இருந்தது.

இன்னொன்றும் அறிந்தேன். இரு கால்களும் வலுவாக உள்ளவர் சீராக ஓட்டும்போது, விசை பெரும்பாலும் கீழ்நோக்கி மிதிப்பதிலிருந்தே வருகிறது. மேலே இழுப்பதால் கிடைப்பது சொற்பம் என்பதை அளவீடுகள் காட்டியுள்ளன. ஆகவே நம்மில் பலருக்குக் கட்டு தேவைப்படுவது வேகத்திற்காக அன்று. பாதம் இடம் பெயராதிருக்கவே. சக்கரத்தோடு பெடலும் நில்லாமல் சுழலும் வண்டிக்கு வாரோ கவ்வியோ தேவை. நெடுஞ்சாலையில் நெடுந்தொலைவு செல்பவர் கவ்விப் பெடல் வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் வில்லின் திருகைத் தளர்த்தி வைப்பது நலம். பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டிய நகரத் தெருவில், வாரில்லாத வெறுங்கூடோ, சொரசொரப்பான அகலப் பெடலோ போதும்.

நான் விழுந்த செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது தம்பி வாய்விட்டுச் சிரித்தான். பிறகு, "அண்ணே, எத்தனை தடவை கழட்டிப் பார்த்துட்டு ரோட்டுக்குப் போனே?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல இயலவில்லை.

அடுத்த வாரம் ஊரிலிருந்து வந்தான். அகலப் பெடல்களும், வாரில்லாத இரு பிளாஸ்டிக் கூடுகளும் வாங்கிவரச் செய்து, தன் கையாலேயே பூட்டினான். அப்பா வளைத்த தகட்டின் வடிவம் அப்படியே அவற்றில் இருந்தது. வண்டியைச் சுவரோரம் நிறுத்தி என்னை ஏற்றினான். தான் ஒரு முக்காலியில் அமர்ந்து, மெலிந்த காலை நீட்டிக்கொண்டு, "வை... எடு... வை... எடு..." என்று எண்ணத் தொடங்கினான்.

நடுவில் நான் இறங்கப் பார்த்தேன், விடவில்லை. நூறு எண்ணி முடித்த பிறகே, "இப்பப் போகலாம் அண்ணே" என்றான்.